முற்றுப்புள்ளியில் ஒரு மூச்சு

"குடையை மடக்கிப் பிடிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

கம்பெனியின் சட்டப் பிரிவு வாசலில் கிடந்த பெஞ்சிலிருந்து அவள் துள்ளி எழுந்தாள். மடியில் இருந்த அனுமதி விண்ணப்பத்தில் சொட்டுச் சொட்டாக மழை. குடைக்காரன் பதறிப்போய்க் கைக்குட்டையை நீட்டினான். கழுத்தில் வெளியாட்களுக்குத் தரும் அட்டை, நெற்றியில் ஒட்டிய ஈர முடி, திருதிருவென்று விழிக்கும் பெரிய கண்கள்... கோபம் வரவேண்டிய நேரத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது அவளுக்கு.

"சாரிங்க... முக்கியமான பேப்பரா?"

"என் உசுரே அதுலதான் இருக்கு. எல்லாம் ஒரு மகராசன் செஞ்ச வேலை!"

கேட்க ஆள் கிடைத்தால் விடுவாளா? கொட்டித் தீர்த்தாள்.

அவள் அப்பாவுக்குப் பார்வை போய் இரண்டு வருடம். போனில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் ஓர் இலவச மென்பொருள்தான் அவருக்குத் துணை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். ஆனால் முற்றுப்புள்ளியில்கூட நிற்காமல் அது மூச்சிரைக்க ஓடும். இவளோ நிரல் எழுதுகிறவள், சும்மா இருப்பாளா? அப்பாவின் போனிலேயே 'மைனா' என்ற பெயரில் கணக்குத் தொடங்கி, புள்ளி வந்தால் நின்று மூச்சுவிட அதற்குக் கற்றுக்கொடுத்தாள். பத்து நாள் அப்பா ஆசை ஆசையாகக் கேட்டார். பதினோராம் நாள்...

"அதைப் பாத்துக்கிற ஆள், பேரு காவல்காரனாம், என் திருத்தத்தைத் தூக்கிட்டான்! கணக்கு அப்பா போன்ல இருந்தாலும், திருத்தத்தை ஆபீஸ் நேரத்துல, ஆபீஸ் மெயில்ல அனுப்பிட்டேனாம். அப்போ அது கம்பெனிக்குச் சொந்தமாம். கம்பெனி எழுதிக் கொடுத்தாதான் சேர்ப்பானாம். அப்பா மறுபடியும் ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கார். மனசே இல்லாத ஜென்மம்!"

குடைக்காரனின் காது மடல் சிவந்தது. ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் கதவு திறந்து வக்கீலம்மா எட்டிப் பார்த்தார்.

"வாங்க காவல்காரரே! மூணு வெள்ளிக்கிழமையா உங்க தொல்லை தாங்காம மேலிடம் இறங்கி வந்துருச்சு. இனிமே இங்க வேலை பாக்கிற யாரும் இந்த மாதிரி இலவச மென்பொருளுக்கு நிரல் எழுதிக் கொடுக்கலாம். மைனாவுக்காக நீங்க கேட்ட கடிதத்துலயும் கையெழுத்து ஆயிடுச்சு. அட, அவளும் இங்கதான் இருக்காளா!"

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது அவளுக்கு. ஆனாலும் விறைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அனுமதி கிடைக்காமப் போயிட்டா? வீணா ஆசை காட்டின மாதிரி ஆயிடும்." அவன் குரல் தணிந்தது. "அனுமதியில்லாத ஒரு வரியால வழக்கு வந்தாலும் மென்பொருள் மொத்தமும் நின்னுடும்ங்க. அப்புறம் உங்க அப்பா எதைக் கேட்பார்?"

மன்னிப்பு தொண்டை வரை வந்தது. வறட்டுக் கௌரவம் விடவில்லை. படபடவென்று படியிறங்கியவளை வாசலில் மழை மறித்தது. பின்னாலேயே வந்தவன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு, நனைந்துகொண்டே ஓடினான்.

ஒரு சாரி சொன்னா குறைஞ்சா போயிடுவே... வீடு வரும் வரை மனசு அவளைத் திட்டிக்கொண்டே வந்தது.

சாயங்காலம் அவள் அடுப்படியில் இருந்தபோது, அப்பாவின் போன் கணீரென்று பேசியது.

"மைனாவுக்குக் காவல்காரனின் செய்தி. உங்க திருத்தத்தைச் சேர்த்தாச்சு."

நின்றது. மூச்சுவிட்டது. அப்பாவின் முகம் மலர்ந்தது.

"குடையை வாங்க எப்ப வரட்டும்?"

அவளுக்குச் சுரீரென்றது. ஐயோ, கணக்கு அப்பாவின் போனில் அல்லவா! கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்...

"குடை சும்மா சாக்கு. நீங்க திட்டும்போதே உங்களைப் பிடிச்சுப்போச்சு."

அப்பா போனை அவள் பக்கம் நீட்டினார்.

"அழகா நிறுத்தி நிறுத்திச் சொல்றான்மா. பதில் போடு. நான் காதைப் பொத்திக்கிறேன்."

ஈர விரலால் எழுதினாள். எழுதியதையெல்லாம் உரக்க வாசிப்பதுதானே அந்தப் போனின் வழக்கம்...

"சாரி. எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. குடையை நானே கொண்டு வரேன்."

ஒவ்வொரு புள்ளியிலும் போன் நிதானமாக மூச்சுவிட்டது. அவளுக்குத்தான் மூச்சு முட்டியது. அப்பாவின் கைகள் காதில்தான் இருந்தன... விரல்களுக்கு நடுவே இடைவெளி மட்டும் கொஞ்சம் அதிகம்.