உணவுப் பொருத்தம்

பகல் உணவு வந்துவிட்டதென்று சுவரிலிருந்த உணவு அனுப்பும் தூம்பு மெல்லக் கனைத்தது. இன்பராஜ் எழுந்துபோய் மூடியைத் திறந்து, தன் பெயர் ஒளிர்ந்த டப்பாவை எடுத்துக்கொண்டார். கூடத்தைத் தாண்டினால் இரண்டு உண்ணறைகள். ஒருவர் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கும், அவ்வளவு சின்ன அறைகள். வலப்பக்கம் அவருடையது. இடப்பக்கம் மனைவி ஸ்டெல்லாவுடையது. அவள் இறந்த பிறகு அதில் துடைப்பத்தையும் குடையையும் வைத்திருந்தார். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வீட்டில் வேறு ஆளே இல்லை. ஆனாலும் கதவைத் திறந்துவைத்துச் சாப்பிட அவருக்கு மனம் வராது.

குன்னூர் மலைச்சரிவில் அடுக்கடுக்காக எழுந்திருந்த குடியிருப்பில் எல்லோரும் இப்படித்தான் சாப்பிட்டார்கள். குன்னூரில் மட்டுமா, எங்குமே. இன்பராஜின் தாத்தா காலத்தில் வந்த குடல்காய்ச்சல் கோதுமையின் பசைப்புரதமான குளூட்டனைப் பற்றிக்கொண்டு பரவியது. கோதுமையை உலகமே கைவிட்டது. காய்ச்சல் அதோடு நிற்கவில்லை. வேறு தானியங்களுக்கும் பாலுக்கும் பருப்புக்கும் தாவியது. கடைசியில்தான் குடற்காவலைக் கண்டுபிடித்தார்கள். பிறந்த குழந்தையின் உயிரணுக்களிலிருந்தே வளர்த்து, அதன் குடலுக்குள் ஒட்டவைக்கும் உயிருள்ள மெல்லிய படலம் அது. தனக்கு இசைந்த உணவை மட்டும் உள்ளே விடும். மற்றதைப் பகையாக எண்ணி எதிர்க்கும். சாப்பிட்டவர் நாள்கணக்கில் சுருண்டு கிடக்க வேண்டியதுதான். எது இசையும், எது இசையாது என்பது கைரேகையைப்போல ஆளுக்கு ஆள் வேறு. அதை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

காய்ச்சல் ஒழிந்தது. ஆனால் அண்ணன் தட்டில் தங்கை கைவைத்துவிடுவாளோ என்று பயந்த தாய்மார்கள் பிள்ளைகளைத் தனித்தனி அறைகளில் வைத்து ஊட்டினார்கள். பயம் பழக்கமானது, பழக்கம் நாகரிகமானது. இப்போது பிறர் முன்னால் மெல்லுவது பிறர் முன்னால் உடை மாற்றுவதற்குச் சமம்.

இன்பராஜ் மேகவலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மலைமுகடுகளில் வலை கட்டி மூடுபனியிலிருந்து தண்ணீர் இறக்கும் வேலை. வேலை இருந்தவரை ஆட்களோடு பேச்சும் இருந்தது. இப்போது சில நாட்களில் தூம்பு கனைப்பதைத் தவிர வேறு குரலே அந்த வீட்டில் கேட்காது.

அன்று பிற்பகல் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த கால்நடை மருத்துவர் கமர்நிஷா, கையில் ஒரு தட்டோடு நின்றார். தட்டில் வட்டவட்டமாக வெட்டிய மாவு.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. என் ஓவன் பாதியில செத்துப்போச்சு. மாவை இதுக்கு மேல வெச்சா தளர்ந்துடும். உங்க ஓவனைக் கொஞ்சம் தர்றீங்களா?"

இன்பராஜ் ஓவனை டப்பா சூடுபண்ண மட்டுமே பயன்படுத்தியிருந்தார். "தாராளமா வாங்க டாக்டரம்மா" என்று வழிவிட்டார். சற்று நேரத்தில் வெண்ணெயும் பழமும் கலந்த மணம் வீடு முழுக்கப் பரவியது. அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பால்கனிப் பக்கம் ஒதுங்கினார்.

கமர்நிஷா சிரித்தார். "மணம் ஒண்ணும் பண்ணாது சார். உள்ளே வாங்க, பனி கொட்டுது."

"என்ன பண்றீங்க?"

"பழ ஸ்கோன். பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவுல இருக்கும். அந்தக் காலத்துல இந்த மலையில வெள்ளைக்காரங்க டீயோட சாப்பிட்டது. அவங்க கோதுமையில பண்ணினாங்க. நான் சாமை மாவுல பண்றேன். டப்பா வேண்டாம், பச்சைப் பொருளாவே அனுப்புங்கன்னு கேட்டா அனுப்புறாங்க. கேக்கறதுக்குத்தான் ஆளில்ல."

தட்டு வெளியே வந்தது. மேற்புறம் பொன்னிறம், ஓரங்களில் சின்னச்சின்ன வெடிப்பு, வெடிப்புகளில் முசுக்கொட்டைப் பழத்தின் கருஞ்சாறு. இன்பராஜ் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வாய்தவறிக் கேட்டுவிட்டார்: "எப்படி இருக்கும்?"

கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் கமர்நிஷா முகம் சுளிக்கவில்லை. யோசித்தார். "மேல மொறுமொறுன்னு... உள்ளே... சாமை வாசம் இருக்குமே, அது..." என்று இழுத்தார். "நீங்க சாமையே சாப்பிட்டதில்லன்னா நான் எதைவெச்சுச் சொல்றது?" சட்டென்று நிமிர்ந்தார். "சார், நாம பொருத்தம் பாத்தா என்ன?"

உணவுப் பொருத்தம் என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொருவருக்கும் இசைவதைப் பதிந்துவைத்த குறியெண்தான் உணவுக்குறி; இரண்டு பேருடைய குறிகளைக் கொடுத்தால் இருவருக்கும் பொதுவாக இசைவது என்னவென்று திரை சொல்லும். மருத்துவமனையில் ஒரே சமையலறையிலிருந்து இரண்டு நோயாளிகளுக்குச் சமைக்க நேர்ந்தால் பார்ப்பார்கள். மற்றபடி அதை யார் பார்க்கப்போகிறார்கள்?

இருவரும் குறியைச் சொன்னார்கள். சுவர்த்திரையில் எழுத்துகள் தோன்றின. அரிசி, தேங்காய், பிளம், கருப்பட்டி, எலுமிச்சை, உப்பு. அதற்குமேல் திரை வெறுமையாக இருந்தது.

"போதும்" என்றார் கமர்நிஷா. "இதுக்குள்ள ஒரு ஸ்கோன் இருக்கு."

மறுநாள் பச்சரிசி மாவும் உலர்ந்த பிளம் பழமும் வந்து சேர்ந்தன. குன்னூர்க் குளிரில் தேங்காயெண்ணெய் வெண்ணெய்போல இறுகியிருந்தது. அதைத் துண்டுதுண்டாக நறுக்கி மாவில் போட்டு, உள்ளங்கை படாமல் விரல்நுனியால் உதிர்க்கச் சொல்லிக்கொடுத்தார் கமர்நிஷா. "கைச்சூடு பட்டா எண்ணெய் உருகிடும். உருகினா அடை மாதிரி ஆயிடும்." கருப்பட்டியைச் சீவிப் போட்டார்கள். தேங்காய்ப்பாலில் எலுமிச்சை பிழிந்து ஊற்றினார்கள். ஆப்பச்சோடா உணவுக் கணக்கில் சேராது. யாருக்கும் அது தடையில்லை. மாவு பொருமி எழுந்தது. இன்பராஜுக்கு எதையோ சாதித்துவிட்டது போலிருந்தது.

ஓவனிலிருந்து எடுத்துத் தொட்டதும் எல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"பிடிமானம் இல்ல" என்றார் கமர்நிஷா. "கோதுமையில அந்தப் பசைதான் மாவைக் கட்டிப்பிடிச்சு நிக்கும். என் சாமைக்கு நான் இசப்கோல் சேப்பேன். அது உங்களுக்கு ஆகாது."

"ஆளிவிதை ஊறவெச்சா வழவழன்னு வருமே? எனக்கு அதுல கஞ்சி வரும்."

"அது எனக்கு ஆகாது."

அடுத்தடுத்த நாட்களிலும் கமர்நிஷா வந்தார். மாவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள், பிசைந்ததை ஊறவைத்துப் பார்த்தார்கள். ஸ்கோன் ஒருமுறை கல்லாய் இறுகியது, மறுமுறை மணலாய்ச் சரிந்தது. இன்பராஜ் அவற்றைக் குப்பையில் கொட்டிவிட்டு, டாக்டரம்மா நாளைக்கும் வருவாரா என்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலையில் அவருக்கே தோன்றியது: வலையின் முடிச்சுக்கும் கயிற்றுக்கும் ஒரே நூல்தானே? அரிசியைப் பிடிக்க அரிசியே போதாதா? கறுப்புக் கவுனி அரிசியை வரவழைத்தார். அதைக் குழையக்குழைய வேகவைத்து, மசித்து, பசையாக்கி மாவோடு சேர்த்தார்கள். அரைமணி நேரம் அப்படியே ஆறவிட்டு, தடிமனாகத் தட்டி, தம்ளரால் வெட்டி அடுக்கினார்கள்.

இந்த முறை நின்றது. ஊதா படர்ந்த பழுப்பு நிறத்தில், பிளம் துண்டுகள் எட்டிப்பார்க்க, உடையாமல் தட்டில் உட்கார்ந்திருந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சமைக்கிற வேகத்தில் சாப்பிட வேண்டியிருக்கும் என்பதை மறந்தே போயிருந்தார்கள்.

"நான் எடுத்துக்கிட்டு என் வீட்டுக்குப் போகட்டுமா சார்?"

"அதுக்கா இவ்வளவு பாடுபட்டோம்?" என்றார் இன்பராஜ். சொல்லும்போதே காது சூடேறியது.

கடைசியில் நாற்காலிகளை முதுகுக்கு முதுகாகப் போட்டு உட்கார்ந்தார்கள். இன்பராஜ் கடித்தார். மேல்தோல் நொறுங்கியது, உள்ளே பஞ்சு, நடுவில் பிளம்மின் புளிப்பு. பின்னாலிருந்து, இன்னொரு வாய் அதே நொறுங்கலோடு கடிப்பது கேட்டது.

"கருப்பட்டி கொஞ்சம் தூக்கல், இல்ல சார்?"

அவர் மெல்லுவதை நிறுத்தினார். அதையேதான் அவர் அந்த நொடியில் நினைத்திருந்தார். தன் நாக்கு அறிந்த ஒன்றை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது அவர் வாழ்நாளில் இதுவே முதல்முறை. கையிலிருந்ததைத் தட்டில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

கமர்நிஷா பயந்து திரும்பினார். "வலிக்குதா? ஒத்துக்கலையா?"

"இல்ல டாக்டரம்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஸ்டெல்லா கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, 'உங்க மேல எப்பவும் ஒரு வாசம் வருமே, அது என்ன'ன்னு கேட்டா. இஞ்சின்னேன். 'இஞ்சி எப்படி இருக்கும்?' உறைக்கும்னேன். 'மிளகு மாதிரியா?' மிளகு நான் சாப்பிட்டதில்ல. தெரியாதுன்னேன். அத்தோட பேச்சு நின்னுபோச்சு."

"பொருத்தம் பாக்கலையா?"

"தோணவேயில்ல. முப்பது வருஷமா ஒரே வீட்டுல, அந்த ரெண்டு கதவுக்குள்ளதான் சாப்பிட்டோம். இப்ப பாக்கவும் முடியாது. ஆள் போனா குறியை அழிச்சுடறாங்க."

கமர்நிஷா எழுந்து சுவர்த்திரையிடம் தன் மகனைக் கூப்பிடச் சொன்னார். ஜியாவுதீன் இராமேஸ்வரத்துக்கு அப்பால் மிதக்கும் கடற்பண்ணையில் வேலை பார்த்தான். காற்றிரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"என்ன உம்மா, இந்நேரத்துல? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லா இருக்கேன்டா. உன் உணவுக்குறியைக் கொஞ்சம் அனுப்பு."

"எதுக்கு?"

"பெருநாளைக்கு வர்றேல்ல? உனக்கு ஒண்ணு செஞ்சுவைக்கலாம்னு. நாம ரெண்டு பேரும் சாப்பிடற மாதிரி."

"நாம ரெண்டு பேருமா?" அவன் சிரித்தான். கேலியாக இல்லை, புரியாமல் சிரித்தான். "சரி, அனுப்பறேன்."

கமர்நிஷா புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு திரைமுன் நின்றார். முகத்தில் ஒரு சிறுமியின் ஆவல். திரை சற்றே மங்கி, பிறகு தெளிந்தது.

உப்பு.

அதற்குக் கீழே எதுவும் வரவில்லை. "இன்னொரு தடவை பாரு" என்றார் திரையிடம். அதே சொல்தான் மீண்டும் வந்தது.

"என்ன உம்மா காட்டுது?" என்றது காற்றுக்கு நடுவே குரல்.

"நெறைய இருக்குடா. நீ வேலையைப் பாரு. பெருநாளைக்கு வந்துடு."

அழைப்பு நின்றது. கமர்நிஷா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பத்து மாசம் நான் தின்னதைத்தானே சார் அவனும் தின்னான்" என்றார். "சாமை, முசுக்கொட்டை, வெண்ணெய், எல்லாத்தையும். அவனுக்குத்தான் அது ஞாபகம் இருக்காது."

இன்பராஜ் தன் நாற்காலியைத் திருப்பி அவருக்கு எதிரே போட்டார். இன்னொரு ஸ்கோனை எடுத்து இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியை அவர் முன்னால் வைத்தார். மறுபாதியை வாயில் போட்டு, கையால் மறைக்காமல், அவர் பார்க்கவே மென்றார்.

கமர்நிஷா தன் பாதியை எடுத்தார். கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். வெளியே மூடுபனி மேகவலைகளைத் தாண்டிக் குடியிருப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வரட்டும். ஆளுக்கு ஒரு கல் உப்பு வாயில போட்டுக்கறோம்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "சார், உப்பு எல்லார் நாக்குலயும் ஒரே மாதிரிதானே இருக்கும்?"

"ஒரே மாதிரிதான் டாக்டரம்மா" என்றார் இன்பராஜ். அது உண்மையா என்று அவருக்குத் தெரியாது.