பதின்மூன்றாவது சுற்று

மோட்டார் காயில் கட்டும் பழனியின் மகள் மணிமொழி. கள்ளக்குறிச்சிச் சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் புகைந்தால் நேராக அவள் அப்பா கடைக்குத்தான் வரும். அதனால் செம்புக் கம்பியைப் பற்றி ஏழாம் வகுப்பில் யார் வாயைத் திறந்தாலும், அவள் முந்திக்கொண்டு பேசுவாள். கொஞ்சம் தலைக்கனம்தான்.

பள்ளி அறிவியல் மன்றத்தில் ராதிகா டீச்சர் ஒரு ரேடியோ செய்ய ஆரம்பித்தார். அதில் பாட்டு வராது. தூரத்தில் இருப்பவரோடு பேசலாம். பேசுவதற்கு அரசு உரிமம் வேண்டும். டீச்சரிடம் அது இருந்தது. உள்ளே வைக்கும் மூன்று சின்ன வளையக் காயில்களைச் சுற்றியது மணிமொழி. பாகங்களுக்கெல்லாம் ஈயம் வைத்து சால்ட்ரிங் செய்தது அவள் வகுப்புத் தோழன் தங்கதுரை. அவனுக்குக் கல்வராயன் மலையில் கரியாலூர். விடுதியில் தங்கிப் படிக்கிறான்.

சனிக்கிழமை ரேடியோவைக் கரியாலூருக்கே கொண்டுபோய்ப் பேசிப் பார்ப்பதாக ஏற்பாடு.

"எங்கம்மா ஊரு பூரா சொல்லிட்டாங்க, தெரியுமா?" என்று தங்கதுரை பத்து முறையாவது சொல்லியிருப்பான்.

புதன்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மீட்டரை மாட்டிப் பார்த்தார்கள். ஐந்து வாட் காட்டவேண்டிய முள், ஒன்றைத் தொடவே திணறியது.

"ஒரு வாட்ட வச்சிக்கினு மலையேறி இன்னா பண்றது? எங்கயோ பவர் கம்மியாவுது" என்றார் டீச்சர்.

மணிமொழிக்கு நாக்கு சும்மா இருக்கவில்லை.

"என் காயில்ல தப்பே வராது டீச்சர். எல்லாம் இவன் வச்ச சால்ட்ரிங்தான். மலையில இருந்து வந்தவனுக்கு இதெல்லாம் இன்னா தெரியும்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். "மணிமொழி!" என்று டீச்சர் அதட்டினார். அதற்குள் தங்கதுரை கையில் இருந்ததை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். மறுநாள் மன்றத்துக்கு அவன் வரவில்லை. சனிக்கிழமையும் வரப்போவதில்லை என்று டீச்சருக்குச் சொல்லி அனுப்பிவிட்டான்.

வியாழக்கிழமை டீச்சர் பேட்டரியைச் சோதித்தார். நன்றாகவே இருந்தது. தங்கதுரை ஈயம் வைத்த இடங்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சூடாக்கி மறுபடி ஒட்டினார். முள் அதே ஒன்றில் நின்றது. இனி மிச்சம் தன் காயில்கள்தான் என்று மணிமொழிக்குப் புரிந்தது.

சாயங்காலம் கடையில் அப்பா ஒரு மரக்கட்டையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு சுத்துன்னு எப்ப எண்ணுவ?"

"கம்பி கட்டைய முழுசா சுத்தி, கெளம்பின எடத்துக்கே வந்தா ஒண்ணு. இன்னா திடீர்னு கேக்கற?"

அவளும் அப்படித்தான் எண்ணியிருந்தாள். பையிலிருந்து டீச்சர் கொடுத்த செய்முறைத் தாளை எடுத்தாள். 'இதெல்லாம் எனக்குத் தெரியாததா' என்று படிக்காமல் தாண்டிய முதல் பக்கத்திலேயே அது இருந்தது. மோதிரம் போன்ற வளையத்தில் சுற்றும்போது, கம்பி துளைக்குள் ஒருமுறை நுழைந்தாலே அது ஒரு சுற்று. அவளோ முதலில் நுழைத்ததைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பன்னிரண்டு சுற்று இருக்கவேண்டிய ஒவ்வொரு காயிலிலும் பதின்மூன்று!

வேண்டாத அலைகளை வடிகட்டுவதுதான் அந்தக் காயில்களின் வேலை. ஒரு சுற்று கூடியதும் வேண்டிய அலையையும் சேர்த்து மறித்துவிட்டன.

காலையில் சீக்கிரம் போய், யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாமா? அந்த யோசனையும் அவளுக்கு வந்தது. ஆனால் அப்படிச் செய்தால் தங்கதுரைதான் கெடுத்தான் என்றே ஆகிவிடும். அதை நினைத்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை விடுதி வாசலில் அவனைப் பிடித்தாள்.

"தங்கதுரை, தப்பு என்னுதுதான். காயில்ல ஒரு சுத்து ஜாஸ்தி சுத்திட்டேன்."

அவன் பையை மாட்டிக்கொண்டே சொன்னான்: "அன்னிக்கு எல்லாரும் இருக்கசொல்ல சொன்ன. இப்ப யாரும் இல்லாதப்ப வந்து சொல்ற."



முதல் பாடவேளை ராதிகா டீச்சருடையது. மணிமொழி எழுந்து நின்றாள்.

"டீச்சர், ரேடியோ சரியா வேலை செய்யாததுக்குக் காரணம் என் காயிலுதான். தங்கதுரை சால்ட்ரிங்ல ஒரு தப்பும் இல்ல. மலைன்னு சொல்லி நான் பேசினதும் தப்பு."

புதன்கிழமை சிரித்தவர்களே இப்போது அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது, அழுகையும் வந்துவிட்டது.

மதியம் தங்கதுரை மன்றத்துக்கு வந்தான். அவள் பக்கம் திரும்பவே இல்லை. காயில்களைக் கழற்றி ஒவ்வொன்றிலும் ஒரு சுற்றைக் குறைத்தான். கம்பி முனையைச் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தான். டீச்சர் மைக்கை அழுத்தி "ஹலோ" என்று நீட்டிச் சொன்னார். முள் விறுவிறுவென்று ஏறி ஐந்தைத் தொட்டது.

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் மணிமொழி நின்றாள்.

மறுநாள் கரியாலூர் போகும் வேனில், தங்கதுரை முன்சீட்டில் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கூட பேச மாட்டியா?" என்று மணிமொழி கேட்டாள்.



"கோவம் இன்னும் போவல. போனா பேசறேன்."

மணிமொழி தலையாட்டினாள். அவன் பக்கத்தில் இடம் காலியாக இருந்தும், பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள்.