பராமரித்தவரைக் காணோம்!

முதலாளியின் மேஜை மேல் இருந்த இன்டர்காம் அலறியது.

"சார்... உங்க கம்பெனிக்குள்ள ஒரு பிணம் இருக்கு!"

முதலாளி காபியைச் சட்டை மேலேயே கவிழ்த்துக்கொண்டார்.

"எ... எந்த மாடியில?"

"மாடியில இல்ல சார். மெஷினுக்குள்ள. இருங்க, மேல வர்றேன்."

பேசியவள் ஒரு தணிக்கைக்காரி. கணக்குத் தணிக்கை அல்ல. ஒரு கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கும் முன், அதன் சாஃப்ட்வேரின் வயிற்றைக் கீறிப் பார்ப்பவள். உள்ளே ஊரார் எழுதிய ஓப்பன் சோர்ஸ் கோட் எத்தனை, எது உயிரோடிருக்கிறது, எது செத்துவிட்டது, எது என்ன லைசென்ஸில் வந்தது... எல்லாவற்றையும் முகர்ந்து சொல்வாள். ஓப்பன் சோர்ஸ் காசு கேட்காது. நிபந்தனை போடும். அந்த நிபந்தனையை மட்டும் யாரும் படிக்க மாட்டார்கள். அதனால்தான் அவளுக்குப் பிழைப்பு ஓடுகிறது.

தொழில் வட்டாரத்தில் அவள் பெயர் மோப்பம்.

முதலாளி விற்பது ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாய் மருந்து ஏற்றும் பம்ப். மாலை நாலு மணிக்குக் கம்பெனியையே விற்றுக் கையெழுத்து. மோப்பம் 'சரி' என்று எழுதினால் விற்பனை. எழுதாவிட்டால் பதினெட்டு வருட உழைப்பு அம்பேல்!

இப்போது மணி இரண்டு.

மோப்பம் லேப்டாப்போடு உள்ளே வந்தாள். அறையில் முதலாளியோடு அவருடைய மச்சானும் இருந்தான். கம்பெனியின் டெக்னிக்கல் ஹெட். தகுதி? முதலாளி மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

"சார், உங்க பம்ப்ல நானூத்துப் பன்னெண்டு வெளி கோட் இருக்கு. நானூத்துப் பதினொண்ணு தேவலாம். ஒண்ணு செத்துப்போச்சு."

"எது?"

"எந்த நிமிஷம் எவ்வளவு மருந்து சொட்டணும்னு கணக்குப் போடுறது."

"அதான் பம்ப்போட இதயமே!"

"அதேதான். எழுதினது, பராமரிச்சது எல்லாம் ஒரே ஆள். புனைபேர் ஆமை. ஏழு மாசமா மூச்சு பேச்சு இல்ல. நாப்பத்து மூணு புகார் பதில் இல்லாம கிடக்கு. ஒண்ணு படிக்கட்டுமா? 'அம்பது நாள் நிறுத்தாம ஓடினா சொட்டு தப்பா விழுது'!"

முதலாளி வெளுத்துப் போனார்.

"நாப்பத்தொன்பதாவது நாள் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லிடலாமே?"

"யாரை சார்? நோயாளியையா?"

மச்சான் எழுந்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

"மேடம்! அது வெளி கோடே இல்ல. என் கையால எழுதினது. மேல என் பேர் இருக்கு பாருங்க!"

"இருக்கு. அதுக்கு முன்னாடி அங்க ஆமையோட லைசென்ஸ் இருந்துச்சு. 'யார் வேணா எடுத்துக்கலாம். ஆனா இதை வச்சுச் செஞ்ச பொருளை வித்தா, உங்க கோட் மொத்தத்தையும் எல்லாருக்கும் திறந்து காட்டணும்.' அதை அழிச்சுட்டு உங்க பேரை ஒட்டியிருக்கீங்க."

"ஆதாரம்?"

"அறுநூத்துப் பதினாலாவது வரியில, எழுதினவர் தனக்கே வச்சுக்கிட்ட குறிப்பு. சத்தமாப் படிங்க."

மச்சான் குனிந்து பார்த்தான். தொண்டையைக் கனைத்தான்.

"'அடுப்புல பால்... மீதி அப்புறம்.'"

"நீங்க எழுதினதா?"

"ஆ... ஆமா. அது ஒரு டெக்னிக்கல் வார்த்தை."

"ஓஹோ! எத்தனை லிட்டர்?"

முதலாளி மச்சானை எரித்துவிடுவது போல் பார்த்தார்.

"டேய்! உனக்கு வெந்நீர் வைக்கவே தெரியாதேடா!"

முதல் இருபது வரியை அழிக்கத் தெரிந்தவனுக்கு, மீதியைப் படிக்கச் சோம்பல். திருட்டுக்கும் கொஞ்சம் உழைப்பு வேண்டுமே!

"மேடம், இப்ப என்ன பண்றது?" முதலாளியின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"ரெண்டே வழி. ஒண்ணு, உங்க கோட் மொத்தத்தையும் ஊருக்கே திறந்து வைங்க."

"அப்புறம் வாங்குறவன் எதை வாங்குவான்? இந்த மேஜை நாற்காலியையா?"

"அப்ப ரெண்டாவது வழி. ஆமைகிட்ட தனி அனுமதி வாங்குங்க. முழுசும் ஒரே ஆள் எழுதினதால ஒரே கையெழுத்து போதும். ஆள் உயிரோட இருந்தா..."

"'இருந்தா'ன்னா என்ன அர்த்தம்?"

மோப்பம் திரையைத் திருப்பினாள்.

"ஆமையோட கடைசிச் செய்தி. ஏழு மாசம் முன்னாடி போன்லேர்ந்து போட்டது."

*இன்றோடு எல்லாம் முடிந்தது. என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். யாரும் தேட வேண்டாம்.*

"பிடுங்கிட்டுப் போயிட்டாரா? யாரு? எதை?"

"தெரியல சார். ஒரு கொலை வாடை அடிக்குது."

"மாமா... எனக்குத் தலை சுத்துது. நான் கிளம்பறேன்..."

"உட்காருடா!"

மச்சானின் நெற்றியில் வியர்வை அரும்பியது. ஏசி என்னவோ பதினெட்டில்தான் ஓடியது.

"இவர் அழிச்ச லைசென்ஸ், ஆமை நெட்ல போட்ட மூலத்துல அப்படியே இருக்கு. அதுல ஒரு போன் நம்பர் இருந்துச்சு," என்றாள் மோப்பம். "தனி அனுமதிக்குக் கூப்பிடச் சொல்லி. காலையிலேர்ந்து ஆறு தடவை அடிச்சேன். எடுக்கல. இப்ப என் நம்பரை ப்ளாக்கே பண்ணியாச்சு!"

"ப்ளாக் பண்ணினா ஆள் உயிரோடதானே இருக்கு?"

"போன் உயிரோட இருக்கு. அது யார் கையில இருக்குன்னு யாருக்குத் தெரியும்? நீங்க அடிங்க சார்."

"வேணாம் மாமா!" மச்சான் பாய்ந்தான்.

முதலாளி ஒரு கையால் அவனைத் தள்ளினார். மோப்பம் சொல்லச் சொல்ல, மறு கையால் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். கட்டிய மனைவியின் நம்பரை மனப்பாடமாக வைத்திருக்கும் கணவன் இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறான்? கடைசி எண்ணை அழுத்தியதும் திரையில் ஒரு பெயர் வந்தது.

*மகாராணி.*

"ஐயோ... இது என் வீட்டுக்காரி!"

ஸ்பீக்கரில் குரல் கேட்டது.

"என்னங்க, ஆபீஸ் நேரத்துல போன்? யாரு செத்தா?"

"நீ... நீதான் ஆமையா?"

மோப்பம் முன்னால் வந்தாள்.

"அம்மா, காலையில ஆறு தடவை கூப்பிட்டது நான்தான்."

"லோன் குடுக்கிறவன்னு நெனச்சு ப்ளாக் பண்ணிட்டேன். யாரும்மா நீ?"

"சாஃப்ட்வேர் தணிக்கை. உங்க கோட் உங்க வீட்டுக்காரர் பம்ப்ல ஓடுது. மேல உங்க தம்பி பேர் இருக்கு."

"அக்கா!" மச்சான் அழாத குறை. "நம்ம குடும்பச் சொத்துதானேன்னு..."

"வாயை மூடுடா! என் பேரைச் சுரண்டிட்டு உன் பேரை ஒட்டினா அதுக்குப் பேர் குடும்பப் பாசமா?" அவள் குரல் உடைந்தது. "ஒன்பது வருஷம்... பால் பொங்குறதுக்குள்ள நாலு வரி, பிள்ளைங்க தூங்கினா நாலு வரின்னு எழுதினேன். எங்கயோ முகம் தெரியாத நோயாளிக்கு உதவுமேன்னு. நீ அதைத் திருடி இவருக்கே வித்திருக்க!"

முதலாளிக்குச் சுருக்கென்றது. பக்கத்துத் தலையணையில் ஒன்பது வருடம் படுத்திருந்தும் அவருக்கு ஒன்றுமே தெரியாது!

"ஏம்மா... அப்புறம் ஏன் நிறுத்தின?"

"நானா நிறுத்தினேன்? 'எந்நேரமும் அந்தப் பொட்டியே கதியா கிடக்கிற'ன்னு ஏழு மாசம் முன்னாடி லேப்டாப்பைப் பிடுங்கிட்டுப் போனது யாரு?"

மோப்பம் மெல்லத் திரும்பினாள்.

"கொலைகாரன் கிடைச்சாச்சு சார்."

"மேடம்...!"

"சடலத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

முதலாளி பீரோவைத் திறந்தார். மேல் தட்டில், பழைய காலண்டர்களுக்கு அடியில், தூசி படிந்த ஒரு லேப்டாப்.

"அம்பது நாள் பிரச்சனைதானே?" ஸ்பீக்கர் பேசியது. "அதைச் சரி பண்ணி அதுக்குள்ளயேதான் வச்சிருக்கேன். ஊருக்கு அனுப்புறதுக்குள்ள பிடுங்கிட்டீங்க."

"அதைச் சோதிச்சுப் பார்க்காம ஒரு பம்ப் கூட வெளிய போகக் கூடாது," என்றாள் மோப்பம். "அதையும் எழுதித் தரணும்."

"எழுதறேன்! எல்லாம் எழுதறேன்!" முதலாளி போனைக் கும்பிட்டார். "தாயே, அந்தத் தனி அனுமதியைக் குடுத்துடு. என்ன வேணும் கேளு. வளையலா? காரா?"

"தம்பி உட்கார்ந்திருக்கிற நாற்காலி."

மச்சான் தானாகவே எழுந்து ஓரமாய் நின்றான்.

"சரி. இவனை என்ன பண்றது?"

"நாப்பத்து மூணு பேரும் பதிலுக்குக் காத்திருக்காங்க இல்ல? ஒவ்வொருத்தருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதட்டும். சொந்தமா எழுதணும். காப்பியடிக்கக் கூடாது!"

மூன்றரைக்கு மகாராணி நேரில் வந்தாள். புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். லேப்டாப்பை முந்தானையால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் லேசாய்க் கலங்கியிருந்தது.

மோப்பம் ரிப்போர்ட்டை முடித்துக்கொண்டிருந்தாள். முதலாளி தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

*லைசென்ஸ்: தனி அனுமதி பெறப்பட்டது. பராமரிப்பவர்: நலம்.*

"மேடம், 'எதிர்கால ஆபத்து'ன்னு ஒரு கட்டம் காலியா இருக்கே. 'இல்லை'ன்னு போட்டுடுங்களேன்?"

மோப்பம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தட்டினாள்.

*ஒன்று உண்டு. பராமரிப்பவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறது!*