காலியாகாத கிண்ணம்

பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் இருந்த டாக்டர் கனிமொழியின் கால்நடை மருத்துவமனைக்குள் சனிக்கிழமை காலை வித்யா நுழைந்தபோது, அவள் கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கியது. அதை மேஜைமேல் மெதுவாகத் திறந்தாள். உள்ளங்கை அளவுள்ள சாம்பல் நிறப் பிராணி ஒன்று வெளியே வந்தது. பெரிய கண்கள், முதுகில் கறுப்புக் கோடு, விலாவில் மடிந்து கிடக்கும் தோல். சுகர் கிளைடர் என்னும் வெளிநாட்டு வளர்ப்புப் பிராணி. பெயர் முந்திரி. காற்றில் மிதந்து தாவ வேண்டிய அது, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு இரண்டு ஜாண் நகர்ந்து நின்றுவிட்டது.

"சாப்பிடறதே இல்ல டாக்டர். தினம் ஏழு மணிக்கு நானே கிண்ணத்துல வைக்கறேன். முட்டை, காய், பழம், கால்சியம் பவுடர் எல்லாம் கலந்து. காலையில ஆறு மணிக்குப் பார்த்தா அப்படியே இருக்கு. வேலைக்காரம்மாதான் எதையோ கலந்துட்டா. கூண்டைக் கழுவச் சொன்னதுல அவளுக்கு எரிச்சல். நேத்தே நிறுத்திட்டேன். அபார்ட்மென்ட் குரூப்லயும் போட்டுட்டேன்."

"யாரும்மா அந்த வேலைக்காரம்மா?" என்று கேட்டான் கஜபதி. டாக்டரின் உதவியாளன், நாற்பது வயது, எந்தக் கேஸிலும் முதலில் மூக்கை நுழைப்பவன்.

"வேம்புலின்னு, வெள்ளானூர்லேர்ந்து வருவா."

கஜபதிக்குக் காது சூடேறியது. வேம்புலியம்மாள் அவன் தெருக்காரி. ஒரு வீட்டில் திட்டி அனுப்பினார்கள், அதே நாளில் மற்ற மூன்று வீட்டிலும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், காரணம் கேட்டால் கதவைச் சாத்துகிறார்கள் என்று நேற்றுத்தான் அவனிடம் அழுதிருந்தாள்.

"அந்தக்கா அப்படியாப்பட்ட ஆளு இல்ல மேடம்!"

"எடை போடுங்க, கஜபதி" என்றார் கனிமொழி. அவர் குரல் உயரவே இல்லை.

நூற்று முப்பத்தெட்டு கிராம். இரண்டு மாதத்துக்கு முந்தைய சீட்டில் நூற்றுப் பன்னிரண்டு.

கனிமொழி முந்திரியின் மோவாயைத் தடவிப் பார்த்தார். விரல் லேசாக ஒட்டியது. "விஷமில்ல. சுண்ணாம்புச் சத்து இல்லாம எலும்பு பலம் போயிருக்கு. ஊசி போடறேன். அப்புறம் உங்க வீட்டைப் பார்க்கணும். கஜபதி, வேம்புலியம்மாளையும் அங்க வரச் சொல்லுங்க."

முந்திரியைப் பையில் சுமந்தபடி வித்யா அவர்களை அழைத்துப்போனாள். மூன்றாவது மாடியில் கதவைத் திறந்தவன் வித்யாவின் கணவன் பரத். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். "எனக்கு அதைக் கண்டாலே ஆகாது டாக்டர். என் ரூம் பக்கமே அது வராது" என்றான்.

கூண்டு சுத்தமாக இருந்தது. ஹாலில் வேறொன்றும் அகப்படவில்லை. கஜபதி பரத்தின் அறைக்குள் தலையை நீட்டினான். சுவரோரமாக எறும்புச் சாரை ஒன்று ஏறி, ஜன்னல் திரைச்சீலையின் உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே துணியில் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது, சின்ன நகங்கள் பற்றிய மாதிரி.

"மேடம், இங்க வந்து பாருங்க!"

கனிமொழி பார்த்தார். ஹாலுக்குத் திரும்பினார். அதற்குள் வேம்புலியம்மாள் வந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பட்டினி கிடக்கற ஜீவன் எடை கூடுமா வித்யா?" என்று ஆரம்பித்தார் கனிமொழி. "கூடியிருக்கு. அப்ப அது வேற எதையோ தின்னுது. ஏழு மணிக்கு நீங்க கிண்ணம் வைக்கும்போதே அதுக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. வேம்புலியம்மாள் எத்தனை மணிக்கு வருவாங்க?"

"ஒன்பதுக்கு வந்து பதினொண்ணுக்குப் போயிடுவா."

"பகல்ல இது பைக்குள்ள தூங்கும். பொழுது சாயறப்பதான் முழிக்கும். அந்த நேரத்துல நீங்க அம்பத்தூர் எஸ்டேட் வேலையிலேர்ந்து வந்திருக்க மாட்டீங்க. அப்ப வீட்டுல இருக்கற யாரோ இனிப்பு கொடுத்திருக்காங்க. இனிப்பு ருசி கண்டா சத்துள்ள சாப்பாட்டைத் தொடாது. கால் போனது அதனாலதான்."

"ஒரு ஸ்பூன் ஜாம் நக்கினா கால் போயிடுமா? சும்மா பயமுறுத்தாதீங்க" என்றான் பரத்.

"நான் ஜாம்னு சொல்லவே இல்லையே" என்றார் கனிமொழி.

பரத்தின் முகம் வெளுத்தது.

"வீடியோவுக்குத்தான்" என்றான் கடைசியில். "நெட்ல வேற பேர்ல ஒரு பக்கம் வச்சிருக்கேன். திரைச்சீலையிலேர்ந்து என் கைக்குப் பறந்து வரும். ஜாம் காட்டினாத்தான் வரும். முப்பதாயிரம் பேர் பார்க்கறாங்க வித்யா."

"நான் அவங்களைத் திட்டி அனுப்பறப்ப நீ பக்கத்துலதானே நின்னே?" வித்யாவின் குரல் உடைந்தது.

"அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

"இன்னா மனுசன்யா நீ!" கஜபதி பாய்ந்தான். கனிமொழி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினார். ஆனால் அவர் பரத்தை முறைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடத்தில் டாக்டருக்குக் கோபம் வந்து அவன் பார்த்ததில்லை.

"முந்திரி இனிமே என்கிட்ட இருக்கும்" என்றார் கனிமொழி, பல்லைக் கடித்தபடி. "நடக்குமா நடக்காதான்னு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும். நீங்க இப்பவே இன்னொரு வீடியோ எடுங்க பரத். இது கால் இழுக்கறதைக் காட்டி, என்ன கொடுத்தீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. பழி யார்மேல விழுந்துச்சுன்னும் சொல்லுங்க. உங்க பக்கத்துலயும் போடுங்க, இந்த அபார்ட்மென்ட் குரூப்லயும் போடுங்க."

"எல்லாரும் காறித் துப்புவாங்க டாக்டர்."

"துப்பட்டும்."

மூன்று முறை தடுமாறி, நாலாவது முறை பரத் முழுதாகச் சொல்லி முடித்தான். இரண்டிலும் பதிவேறியதைக் கஜபதி அவன் போனை வாங்கிச் சரிபார்த்தான்.

வித்யா வாசலுக்கு வந்தாள். "அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து வாங்க."

வேம்புலியம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். "வரமாட்டேன். தெனம் காலைல அந்த ரூம்ல ஜாம் ஒட்டிக்கினு கெடந்த ஸ்பூனை எட்த்துக் கழுவுனதே நான்தான். இன்னா ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீ கேக்கவே இல்லியேம்மா."

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். முந்திரி உறங்கும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கஜபதி அவள் பின்னால் இறங்கினான். கீழே வரும்வரை அவன் கோபம் அடங்கவில்லை.