முன்சீட்டில் யாரும் உட்கார வேண்டாம்

அறந்தாங்கியிலிருந்து புதுக்கோட்டைக்கு வாரம் மூன்று நாள். செவ்வாய், வியாழன், சனி. பவுசியாவின் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. டயாலிசிஸை ஒரு தடவை தவறவிட்டாலும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் காய்ச்சலோ கல்யாணமோ, அடைமழையோ, போய்த்தான் ஆகவேண்டும். எந்த இடத்தில் பள்ளம், எங்கே ஆடு குறுக்கே வரும் என்பதெல்லாம் ராஜா முகமதுவுக்கு மனப்பாடம். அந்த ரோட்டைப் பார்த்தாலே அவனுக்குக் கொட்டாவி வந்தது.

பதினாறு வருஷம் தம்மாமில் அரபி வீட்டுக் கார்களை ஓட்டியவன். சொந்தமாக ஒரு கார் வாங்கியதே பெண்டாட்டி பவுசியாவுக்காகத்தான். மிஷினிலிருந்து எடுத்துவிட்ட பிறகு அவளால் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியாது. பஸ்ஸில் வந்தால் மிச்ச உயிரும் போய்விடும். ஏற்கெனவே ஒருத்தர் ஓட்டியதுதான், ஆனாலும் சொகுசுக் கார். முன்சீட்டைச் சாய்த்தால் கட்டில் மாதிரி ஆகிவிடும். வாங்கி நாலு மாதம் ஆகியும் ஆர்சியில் பேர் மாற்றவில்லை. இருக்கிற அலைச்சலில் ஆர்டிஓ ஆபீசுக்கு வேறு யார் அலைவது? நம்ம பக்கம் பாதி வண்டி இப்படித்தானே ஓடுகிறது.

அதனால்தான் கம்பெனி அனுப்பிய கடிதம் பழைய ஓனர் ரெங்கராஜ் வீட்டுக்குப் போய், அங்கிருந்து புரோக்கரிடம் வந்து, கசங்கிப்போய் இவன் கைக்குச் சேர்ந்தது. இந்த மாடலில் முன்சீட்டு ஏர்பேக் கெட்டுப்போய் வெடிக்கலாம், இரும்புத் துண்டு சிதறலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை டிரைவருக்குப் பக்கத்தில் யாரும் உட்கார வேண்டாம் என்று அதில் இருந்தது.

திருச்சி சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான். “ஸ்பேர் இன்னும் வரலைங்க சார். வந்தா நாங்களே கூப்பிடுறோம்.”

“விடுங்க மச்சான்,” என்றாள் பவுசியா. “நான் பின்னாடியே படுத்துக்கிறேன்.”

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, தைலமரக்காட்டுக்குள் கார் நுழைந்ததும் ஆரம்பித்தது.

டிங். டிங். டிங்.

முன்சீட்டில் ஆள் இருக்கிறது, பெல்ட் போடச் சொல்லுங்கள் என்று டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. சீட்டில் தண்ணீர் பாட்டில்கூட இல்லை. ஓரங்கட்டி, துடைத்து, தட்டிப் பார்த்தான். கிளம்பியதும் மறுபடி டிங், டிங். பின்னால் பவுசியா காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். ஊரில் எல்லா டிரைவரும் செய்கிறதைத்தான் அவனும் செய்தான். ஆளில்லாத சீட்டுக்குப் பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டான்.

சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச தூரம் போய் எதேச்சையாகத் திரும்பியவன் பெல்ட்டைப் பார்த்தான். சீட்டோடு ஒட்டிக் கிடக்கவேண்டிய பெல்ட், ஒரு சாண் முன்னே தள்ளி, விறைப்பாக நின்றது.

அது மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

“யா அல்லாஹ்,” என்றான். தூக்கம் சரியில்லை, கண் ஏமாற்றுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மனுஷன் சோர்ந்துபோனால் எதைத்தான் நம்பமாட்டான்? தைலமரக்காடு தாண்டியும் காருக்குள் தைல வாசனை போகவில்லை. வெயிலில் காய்ந்த மர வாசனை இல்லை அது. நோயாளியின் நெற்றியில் தேய்க்கிற தைலம்.

வியாழக்கிழமை திரும்பி வரும்போது பவுசியா பேசிக்கொண்டே வந்தாள். தன்னிடம் பேசுகிறாள் என்று நினைத்து அவன் ‘ம்’ கொட்டிக்கொண்டு வந்தான். பிறகுதான் உறைத்தது. அவள் இவனைப் பார்த்துப் பேசவில்லை.

“யார்ட்ட பேசுறே?”

“முன்னாடி இருக்கவங்ககிட்டதான்.”

ராஜா முகமது பக்கத்தில் திரும்பவே இல்லை. ரோட்டை மட்டும் பார்த்தான்.

“மிஷின் வேணாமாம் மச்சான். வீட்டுலயே படுத்துக்கிட்டா வலிக்காதாம். தூக்கம் மாதிரி இருக்குமாம்.” அவள் குரலில் பயமே இல்லை. “எனக்கும் அலுத்துப்போச்சு.”

“வாயைக் கழுவு!” என்று கத்தினான்.

அன்று சாயங்காலம் செல்போனில் அந்த மாடல் வாங்கியவர்கள் எழுதிய புகார்களை ஒவ்வொன்றாகப் படித்தான். பிரேக் இழுக்கிறது, ஏசி குளிரவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. ஆளில்லாத சீட்டுக்கு அலாரம் அடிக்கிறது என்று நாலைந்து பேர் எழுதியிருந்தார்கள். சென்சார் கோளாறுதான் என்று மனசு லேசானது. கடைசியில் ஒரு புகார். கீழே ரெங்கராஜ், அறந்தாங்கி என்று இருந்தது.

‘என் மனைவி இறந்து மூன்று மாதம் ஆகிறது. முன்சீட்டு அலாரம் இன்னும் அடிக்கிறது. தயவுசெய்து நிறுத்தித் தரவும்.’

புரோக்கரிடம் நம்பர் வாங்கிப் பேசினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரெங்கராஜ் கேட்டது ஒன்றுதான்.

“பெல்ட்ட மாட்டிட்டீங்களா?”

“மாட்டுனேங்க.”

“மாட்டியிருக்கக் கூடாதுங்க. கத்துனா கத்தட்டும்னு விட்டுருக்கணும். எம் பொண்டாட்டி அமிர்தவல்லி, ‘ஆஸ்பத்திரி வேணாம், வீட்டுக்குத் திருப்புங்க’ன்னு கெஞ்சுனா. நான்தான் வம்படியா பெல்ட்டப் போட்டு இழுத்துட்டுப் போனேன். உசுரு தைலமரக்காடு தாண்டல.” அந்த ஆள் அழுதார். “என்னைய மன்னிச்சுக்கங்க. விக்கிறப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா யாரு வாங்குவா?”

மறுநாளே சர்வீஸ் சென்டரிலிருந்து ஸ்பேர் வந்துவிட்டதாகப் போன் வந்தது. கிடைத்தது வழி என்று நினைத்தான். டயாலிசிஸுக்கு நாலு மணி நேரம் ஆகும். பவுசியாவை விட்டுவிட்டுத் திருச்சிக்கு ஓட்டிப்போய் ஏர்பேக்கை மாற்றி, அந்தச் சீட்டையும் பார்க்கச் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சனிக்கிழமை, புதுக்கோட்டை ஆஸ்பத்திரி வாசல். பவுசியா இறங்கி நின்றாள். அவன் சுற்றி வந்து முன்கதவைத் திறந்தான். பெல்ட் இன்னமும் விறைப்பாகத்தான் நின்றது. பட்டனை அமுக்கி அவிழ்த்துவிட்டான்.

பெரியவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, மெதுவாகச் சொன்னான். “எறங்கிருங்கம்மா. நாங்க பட்டது போதும்.”

காருக்குள் தைல வாசனை குறைந்தது. கதவைச் சாத்தினான். பவுசியா தனியாகப் படியேறிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான்.

திருச்சி வரைக்கும் ஒரு சத்தம் இல்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஜன்னலைத் திறந்துவைத்து, காற்று முகத்தில் அடிக்க ஓட்டினான். ஏர்பேக்கை மாற்றிய மெக்கானிக் சீட்டையும் சோதித்துப் பார்த்தார். “சென்சார் சரியாத்தான் சார் வேலை செய்யுது. ஒரு குறையும் இல்ல.” ராஜா முகமது சிரித்துவிட்டு டீ குடித்தான்.

மதியம் டயாலிசிஸ் வார்டுக்குள் நுழைந்தால், பவுசியாவின் கட்டிலில் விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. நர்ஸ் சத்யா ஓடிவந்தாள்.

“என்னண்ணே நீங்க மட்டும் வர்றீங்க? இன்னைக்கு விடவே கூடாது, பொட்டாசியம் ரொம்ப ஏறிக் கெடக்குன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். அக்கா கேக்கவே இல்ல. மிஷின்ல போடுறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க. உங்களுக்கும் போன் போட்டேனே, போகவே இல்ல.”

“தனியாவா?”

“தனியா எப்படி விடுவோம்? உங்ககூட கார்ல வந்த அம்மாதான் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. வீட்டுக்குன்னு சொன்னாங்க.”

இறக்கிவிட்டது தான்தான். வாசல் வரைக்கும் கொண்டுவந்து, கதவையும் திறந்து, இறங்குங்கள் என்று சொன்னதும் தான்தான்.

பவுசியாவுக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“பவுசியா, எங்கம்மா இருக்கே? அங்கிட்டே நில்லு, இந்தா வாரேன்!”

“வீட்டுக்கு வந்துட்டோம் மச்சான். படுத்துட்டேன்.” ஒன்றரை வருஷமாகக் கேட்காத தெளிவான குரல். “ஒரு வலியும் இல்ல.”

“எந்திரி! தூங்காதே பவுசியா! நான் சொல்றது கேக்குதா?”

தலையணையில் போன் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு வேறொரு பெண் குரல், காதோடு ஒட்டி, அன்பாகப் பேசியது.

“சத்தம் போடாதீங்க தம்பி. இப்பத்தான் கண் அசந்தா. இனிமே நீங்க அலைய வேணாம்.”