மூணாவது பாட்டு நல்லா இல்ல

ஒரு ரசிகர் கூட்டத்தையே இரண்டாக உடைப்பதற்குப் பெரிய ஆயுதம் எதுவும் வேண்டாம். அம்மாவின் கைப்பேசியும் ஓர் அவசரக்குடுக்கையும் போதும்.

அந்த அவசரக்குடுக்கைக்குப் பதினொரு வயது. வகுப்பில் அவளுக்கு ‘ஸ்பீக்கர்’ என்று பெயர். மெதுவாகப் பேசச் சொன்னால் மெதுவாகக் கத்துவாள்.

அவளுடைய மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ‘ஈரத் தீக்குச்சி’ என்ற ராக் இசைக்குழுவின் பாடகர். அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தபோது தெருவில் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் ஆடின. ரசிகர்கள் கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் அம்மாவும் உண்டு. பாடகரின் அக்கா என்பதால், நரைத்த மீசைக்காரர்கள்கூட அவரை “அக்கா” என்றுதான் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது ஆல்பம் வெளியான அன்று அம்மா தையல் மிஷினில் மும்முரமாக இருந்தார். ஸ்பீக்கர் கைப்பேசியை எடுத்து எட்டுப் பாட்டையும் கேட்டாள்.

ஆச்சரியம்! இந்த முறை சத்தமே இல்லை. மூன்றாவது பாட்டில் மாமாவும் ஒரு கிட்டாரும் மட்டும். நடுவில் ஓர் இடத்தில் கிட்டாரும் நின்றுவிடும். மாமா மூச்சு விடுவது மட்டும் கேட்கும்.

ஸ்பீக்கருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோழியின் புதுச்சட்டையைப் பார்த்து, “நல்லா இல்ல?” என்று ஆசையாக இழுப்போமே, அதே மாதிரி வாயால் இழுத்துக்கொண்டே குழுவில் தட்டினாள்:

“மூணாவது பாட்டு நல்லா இல்ல”

வாய் இழுத்தது. விரல் இழுக்கவில்லை. கேள்விக்குறி போட மறந்துவிட்டாள்.

“அக்காவே சொல்லிட்டாங்களா!”

“அப்பாடா! எனக்கு மட்டும்தான் பிடிக்கலையோன்னு நினைச்சேன்.”

“மூணாவது மட்டுமா? எட்டுமே தாலாட்டுதான். நான் ரெண்டாவதுலயே தூங்கிட்டேன்.”

“எனக்குக் கண்ணுல தண்ணி வந்துச்சு.”

“வெங்காயம் நறுக்கினியா?”

“வாயை மூடு.”

“நீ மூடு.”

ஸ்பீக்கர் தான் எழுதியதை மறுபடி படித்தாள். விட்டுப்போன கேள்விக்குறியை அவசரமாக அனுப்பினாள். அது தனியாகப் போய் விழுந்தது: “?”

“பாருங்க, அக்கா கேள்வி கேக்கறாங்க! ஏன் இப்படி ஒரு ஆல்பம்? பதில் சொல்லுங்கப்பா!”

அவ்வளவுதான். பற்றி எரிகிற வீட்டுக்கு அவள் வாளியோடு ஓடியிருக்கிறாள். வாளியில் இருந்தது மண்ணெண்ணெய்.

“அடியே! என் பேர்ல என்னடி பண்ணி வெச்சிருக்க?” என்று, திரையை எட்டிப் பார்த்த அம்மா துணியைப் போட்டுவிட்டு எழுந்தார்.

“அது கேள்விம்மா! நல்லா இல்ல...யா?”

அம்மா தம்பியை அழைத்து நடந்ததைச் சொன்னார். “பரவாயில்லக்கா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போ. எதுக்குச் சின்னப் பொண்ணு மேல பழி போடற?” என்று மாமா வைத்துவிட்டார்.

மறுநாள் இன்னொரு செய்தி வந்தது. சனிக்கிழமைக் கச்சேரியில் மூன்றாவது பாட்டு கிடையாதாம். மாமாவே எடுத்துவிட்டாராம்.

“மாமாவுக்கு நம்ம மேல கோவமா?” என்று ஸ்பீக்கர் அம்மாவிடம் கேட்டாள்.

“போய்ப் பல்லைத் தேய்.”

மாமாவின் இசைக்குழு டிரம்ஸ்காரரைக் கடைவாசலில் பிடித்துக் கேட்டாள். “கோவமா? அவனா? ஹஹ்ஹா!” என்றார். சிரிப்பு தேவைக்கு அதிகமாக நீண்டது.

மாமாவையே அழைத்துக் கேட்டாள். “ச்சேச்சே! கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல” என்றார். ஆனால் வழக்கம்போல ஸ்பீக்கர் என்று கூப்பிடவில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவில் இருக்கும் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அதற்கடுத்த நாள் சாயங்காலம் அவள் அம்மாவிடம் கையை நீட்டினாள். “ஃபோன் குடும்மா.”

“இன்னும் என்னத்தை உடைக்கப் போற?”

“ஒட்டப் போறேன்.”

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

மாமாவின் குழு பயிற்சி செய்யும் அறை ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்தது. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார்கள். மாமா ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஸ்பீக்கர் நடு அறையில் நின்று, குரலைப் பதிவுசெய்யும் பொத்தானை அழுத்தினாள்.

“எல்லாருக்கும் வணக்கம். நான் அக்கா இல்ல, அக்காவோட பொண்ணு. அன்னிக்கு எழுதினது நான்தான். அதை இப்படிப் படிக்கணும்: மூணாவது பாட்டு நல்லா இல்ல்ல்ல?”

அந்த இழுப்பை முட்டை அட்டைகளால் தடுக்க முடியவில்லை. முன்னாலிருந்து டயர் கடைக்காரர், “நல்லா இருக்கும்மா!” என்று பதில் கொடுத்தார்.

மாமாவின் கை நின்றது. “அப்போ... நிஜமாவே நீயா எழுதின?”

கைப்பேசி டிங், டிங் என்றது. எல்லோரும் வரிசையில் நின்று மன்னிப்புக் கேட்பார்கள் என்று ஸ்பீக்கர் நினைத்திருந்தாள்.

“அட, கேள்வியா! நல்லா இருக்கு பாப்பா.”

“எப்படி இழுத்தாலும் எனக்குப் பிடிக்கல.”

“மூணாவதைக் கேட்டுட்டு, ரொம்ப நாளா பேசாம இருந்த எங்க அப்பாவுக்கு ஃபோன் பண்ணினேன்.”

“பழைய சத்தத்தைத் திருப்பிக் குடுங்கய்யா!”

மாமா எல்லாவற்றையும் படித்தார். முகம் வாடிவிட்டது. “பாத்தியா? நீ எழுதாம இருந்திருந்தாலும் பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்காது” என்றார். பிறகு கேட்டார், “உனக்கு?”

எட்டுமே பிரமாதம் என்று சொல்ல அவள் வாய் தயாராக இருந்தது. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எல்லோரும் இரண்டு நாளாக அவளுக்கு அப்படித்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“மூணாவது ரொம்ப ரொம்பப் பிடிக்கும். நீங்க மூச்சு விடற இடத்துல நானும் விடுவேன்.”

“மத்தது?”

“அஞ்சாவது போர் மாமா. ஏழாவது வந்தா தள்ளி விட்டுடுவேன்.”

“ஏழாவது நான் எழுதினது” என்றார் மூலையிலிருந்த டிரம்ஸ்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா சுருட்டிய ஒயரைப் பிரித்து, மறுபடியும் சுருட்டினார்.

“மூணாவதைச் சேத்துக்கலாம்டா” என்று கடைசியில் டிரம்ஸ்காரரிடம் சொன்னார். “தூங்கறவங்க தூங்கட்டும்.”

ஸ்பீக்கர் அவருக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் குரல் மெதுவாக வந்தது.

“மாமா, என் மேல கோவமா? ச்சேச்சேன்னு மட்டும் சொல்லாதீங்க.”

மாமா ஒயரைக் கீழே வைத்தார். அவளை நேராகப் பார்த்தார்.

“ஆமா. கோவம்தான். எங்க அக்காவே இப்படி எழுதிட்டாளேன்னு நான் ஒழுங்கா சாப்பிடக்கூட இல்ல. இன்னும் உள்ள கசக்குது. போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். சனிக்கிழமை வந்து முன்னாடி உக்காரு. நான் பாடி முடிக்கற வரைக்கும் வாயைத் திறக்காத.”