ஒன்பது கறுப்புப் பைகள்

கை கழுவும்போது சோப்பு நுரை பட்டதும் பம்பரத்துக்குச் சுரீர் என்றது.

"ஸ்ஸ்... ஆ!"

ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். ஓர் எறும்பின் நீளம்கூட இல்லை. அதற்கே என்னமாய் எரிகிறது!

பம்பரம் என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பத்து வயதாகியும் ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால் வீட்டில் வைத்த பட்டம். இன்று காலை எழுந்ததிலிருந்து அவள் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சுற்றிக்கொண்டிருந்தாள். காரணம் இருந்தது.

நேற்று மாலை அம்மா கடைக்குப் போயிருந்தபோது அவள் கூடத்தில் பந்து விளையாடினாள். விருந்தாளிகளுக்கென்று அம்மா பொத்திப் பொத்தி வைத்திருந்த கண்ணாடி ஜாடி படீரென்று உடைந்தது. பம்பரம் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைப் பைக்குள் போட்டு, மேலே காய்கறித் தோலைப் பரப்பி மறைத்துவிட்டாள். விரலில் கீறல் விழுந்தது அப்போதுதான்.

"அம்மா, குப்பைப் பை எங்கே?"

"கீழே கொண்டுபோய் வச்சாச்சு. ஏன், வீட்டுப்பாட நோட்டையும் சேர்த்துப் போட்டுட்டியா?"

அதே நேரம் தெருவில் 'பீ...ப்' என்று விசில் கேட்டது. குப்பை வண்டி!

வண்டியோடு வரும் விசில் அக்கா எப்படிப் பை தூக்குவார் என்று பம்பரத்துக்குத் தெரியும். ஒரு கை மேலே, ஒரு கை அடியில். அவருடைய கையுறை கட்டைவிரல் பக்கம் கிழிந்திருக்கும். இந்தக் குட்டிக் கீறலே இப்படி எரிந்தால், அவ்வளவு பெரிய துண்டு குத்தினால் என்ன ஆகும்?

ஒரு காலில் ஷூ, மறுகாலில் வெறும் சாக்ஸ். அப்படியே மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கினாள்.

வாசலில் ஒன்பது வீட்டுப் பைகள் வரிசையாக இருந்தன. ஒன்பதும் ஒரே கறுப்பு. எது அவளுடையது? விசில் அக்கா முதல் பையைத் தூக்கி வண்டிக்குள் போட்டார்.

"அக்கா, நில்லுங்க! இதுல ஏதோ ஒரு பையில கண்ணாடி இருக்கு!"

"எந்தப் பையில பாப்பா? யாரு போட்டது?"

"யாரோ... யாரோ போட்டாங்க."

"சரி சரி, பார்த்து எடுக்கறேன். நீ தள்ளி நில்லு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். "சீக்கிரம்மா! இன்னும் நாலு தெரு கிடக்கு!"

இரண்டாவது பையும் போனது. நல்லவேளை, அக்காவின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா மூன்றாவது பையின் அடியில் கை கொடுத்தார். அவள் பாய்ந்து நான்காவது பையைப் பிரிக்கப் போனாள்.

"ஏய், கை வைக்காதே!" அக்கா மூன்றாவது பையைக் கீழே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து இழுத்தார். "உன் கையைக் கிழிச்சுக்கவா?"

தன் கையைப் பற்றி நினைக்காமல் இவர் என் கையைப் பிடித்து இழுக்கிறாரே! பம்பரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்து இரண்டாம் மாடியைப் பார்த்துத் தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"அம்மாஆ! உங்க கண்ணாடி ஜாடியை நான்தான் உடைச்சேன்! குப்பைப் பையில ஒளிச்சு வச்சிட்டேன்! நம்ம பை எதுன்னு சொல்லுங்க!"

ஒன்பது வீட்டு ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. அம்மாவின் தலையும் முளைத்தது. அந்த முகம் முதலில் சிவந்தது. பிறகு விசில் அக்காவைப் பார்த்ததும் வெளிறியது.

"ரெட்டை முடிச்சு போட்டது! யாரும் தொடாதீங்க, இதோ வர்றேன்!"

இரட்டை முடிச்சுப் பை ஆறாவதாக இருந்தது. அக்கா காலால் மெல்லத் திருப்பினார். பையின் அடியைக் கிழித்துக்கொண்டு ஒரு கண்ணாடித் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கை கொடுத்துத் தூக்கும் இடம் அதுதான். வண்டிக்காரர்கூட ஹாரன் அடிக்காமல் எட்டிப் பார்த்தார்.

"அடேங்கப்பா!" என்றார் அக்கா.

அம்மா அட்டைப்பெட்டியும் இடுக்கியுமாக மூச்சு வாங்க ஓடி வந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் போட்டு மூடினார். அதன்மேல் 'கண்ணாடி, கவனம்' என்று பம்பரம் கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"மன்னிச்சிடுங்க அக்கா. யாரோ இல்ல, நான்தான்."

"அதான் தெருவுக்கே தெரிஞ்சுபோச்சே!" அக்கா சிரித்துவிட்டார். கையுறையைக் கழற்றி உள்ளங்கையைக் காட்டினார். குறுக்கும் நெடுக்குமாகப் பழைய தழும்புகள். "இதெல்லாம் யாரு வீட்டுக் கண்ணாடின்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஓடி வந்து சொன்ன முதல் ஆள் நீதான்."

"உனக்குச் சாயங்காலம் இருக்கு" என்றார் அம்மா. ஆனால் சொல்லும்போதே பம்பரத்தின் விரலைப் பிடித்துக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அடுத்த பையை எடுக்கக் குனிந்தார்.

"ஒரு நிமிஷம்மா!" முதல் மாடி ஜன்னலில் தையல்கார மாமா தொண்டையைக் கனைத்தார். "அதுல என் பையும் இருக்கு. உடைஞ்ச ஊசி கொஞ்சம் கிடக்கு. இதோ வந்து எடுத்துடறேன்."

"என்னோடதுல பிளேடு இருக்கு" என்றது மூன்றாம் மாடியிலிருந்து கல்லூரி அண்ணனின் குரல்.

மேலே ஒரு கதவு திறந்தது. இன்னொன்றும் திறந்தது. மாடிப்படிகளில் செருப்புச் சத்தம் படபடவென்று இறங்கி வந்தது.

விசில் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டிக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இஞ்சினை அணைச்சிடுங்க. எல்லாரும் வர்றாங்க."